மணிப் பட்டறைக் காய்ச்சலும் என் சிங்கமுகப் பெல்ட்டும்

முதலில் என் தொப்புளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றவற்றைச் சொன்னால், என்னை ஒரு அறிவாளி என்று நீங்கள் நினைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. சுகாதார ஆய்வாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அப்படி ஒரு தவறான தகவலைத் தருவது, ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு அழகல்ல.

தொப்புளுக்குக் கீழே, பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு தடிப்பு. கறுத்து, செதில் உதிர்ந்து, சில நாள் நீர் கோத்து, எந்நேரமும் அரித்துக்கொண்டிருக்கும். பல வருடங்கள் அது என்னோடு குடித்தனம் நடத்தியது. ஊர் ஊராகப் போய், "கை கழுவுங்க, நகத்த வெட்டுங்க, துணிய வெயில்ல காயப்போடுங்க" என்று பாடம் நடத்துகிறவன், பாடம் முடியும்வரை இடது கையைச் சட்டைக்குள் விட்டுச் சொறிந்துகொண்டே நடத்துவான். நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு ஊரில் நூறுநாள் வேலைக்கு வரும் பெண்கள் எனக்கு ஒரு பட்டப்பெயரே வைத்திருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அதை இங்கே எழுத முடியாது.

வைத்தியம் எதையும் விட்டுவைக்கவில்லை. படர்தாமரைக் களிம்பு தடவினேன். வேப்பிலை அரைத்துப் போட்டேன். சோப்பை மாற்றினேன், கத்தரிக்காயை விட்டேன், கருவாட்டைக் கண்ணீரோடு விட்டேன். எதுவும் கேட்கவில்லை என்றதும், நம் மாவட்டத்தில் எல்லாரும் கடைசியில் எங்கே போய் நிற்பார்களோ அங்கேயே நானும் போய் நின்றேன்: ஃப்ளோரைடு தண்ணீர். பல்லில் கறை விழுந்தாலும் முட்டி வலித்தாலும் தருமபுரிக்காரன் முதலில் போர் தண்ணீரைத்தான் திட்டுவான். நானும் திட்டிவிட்டு, ஒரு வாரம் கேன் தண்ணீரில் குளித்தேன்.

"குடிக்கறதுக்கே அளந்து ஊத்தறேன், இவருக்குக் குளிக்கறதுக்குக் கேன் தண்ணி" என்று என் மனைவி பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். அரிப்பு அதையும் கேட்டுக்கொண்டு அங்கேயே இருந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு பெண் மருத்துவர் வந்தார். என் மகள் வயது. பேச்சை மாத்திரை எண்ணிக் கொடுப்பதுபோல் கொடுப்பவர். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்டால், இத்தனை சீனியர்களைத் தாண்டி இந்தச் சின்னப் பெண்ணைத்தான் சொல்வேன். ஒருநாள் காய்ச்சல் நிலவரம் பற்றிய கூட்டத்தில் என் கை சட்டைக்குள் போவதைப் பார்த்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் நிறுத்திக் கேட்டார்.

"எப்ப வரும், எப்ப போகும்?"

"எப்பவுமே இருக்குங்க மேடம்."

"ஞாயித்துக்கிழம?"

யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும். பொங்கல் லீவில் அரிப்பு இருந்த ஞாபகமே இல்லை. சம்பளத்தில் கை வைக்காத லீவாகப் பார்த்து அதுவும் போய்வந்திருக்கிறது.

"லீவுல என்ன கட்டுவீங்க?"

"லுங்கிங்க மேடம்."

அவர் என் இடுப்பைப் பார்த்தார். இடுப்பில் இருந்தது என் சிங்கம். வேலை உத்தரவு வந்த அன்று தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாங்கிய பெல்ட். பக்கிளில் பிடரி சிலிர்த்த சிங்கமுகம். வெள்ளியாய் மின்னும். வயிறு பெருக்கப் பெருக்க வாரை மட்டும் மாற்றிக்கொண்டு, சிங்கத்தை விடாமல் வைத்திருந்தேன்.

"நிக்கல்" என்றார். அவ்வளவுதான். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

பிறகு நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மின்னுகிற மலிவு உலோகங்களில் நிக்கல் இருக்கும். வியர்வை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தோலுக்குள் இறக்கும். சிலர் உடம்புக்கு அது ஆகாது. வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று ஆகாமல் போகும். போனால் போனதுதான், மறுபடி ராசியாகாது. கவரிங் சங்கிலி, கம்மல், வாட்ச், ஜீன்ஸ் பட்டன், எல்லாம் இந்த வேலையைச் செய்யும்.

அதன்பின் கொஞ்ச காலம் எனக்கு ஊரெல்லாம் நிக்கலாகவே தெரிந்தது. ஒரு பெண்ணுக்கு நெஞ்சுக்குழியில் ஆறாத புண். தாலிச் சங்கிலியைக் கழற்றிப் பார் என்று யாரோ சொல்லப்போக, மாமியார் கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் போய்ப் பார்த்தேன். சங்கிலி நல்ல தங்கம். அதில் அவசரத்துக்கு உதவும் என்று கொத்தாக ஊக்குகளை மாட்டித் தொங்கவிட்டிருந்தார். ஊக்குகளை மட்டும் எடுக்கச் சொன்னேன். ஊக்கு போனது, புண் போனது, மாமியார் திரும்பி வந்தார். மூன்றில் கடைசியாக நடந்ததற்காக அந்தப் பெண் என்மேல் வருத்தமாக இருப்பதாகக் கேள்வி.

என் பெல்ட்டுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். மனைவியின் நகப்பூச்சை எடுத்துச் சிங்கத்தின் பின்புறம் முழுக்கப் பூசினேன். சிங்கமும் இருந்தது, அரிப்பும் அடங்கியது. அந்தப் பஞ்சாயத்து அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் "எப்ப வரும், எப்ப போகும்" என்ற அந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அதுவரை நான் நோயைப் பார்த்து "நீ யார்" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். அது பொய்ப் பெயர் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தது.

இப்போது மணிப் பட்டறைக்கு வருவோம். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ரத்தம் சூடேறுகிறது.

நல்லம்பள்ளியிலிருந்து உள்ளே போகும் சாலையில், மாந்தோப்புகளுக்கு நடுவே குப்புசாமி என்பவரின் மணிப் பட்டறை இருக்கிறது. பழைய குழாய், உடைந்த அண்டா, நசுங்கிய குத்துவிளக்கு என்று பித்தளைக் கழிவை வாங்கி உருக்கி மணி வார்ப்பார்கள். கோயிலில் வேண்டுதலுக்குக் கட்டும் மணி, சித்தேரி, வத்தல்மலைப் பக்கம் மாட்டுக் கழுத்துக்குக் கட்டும் மணி. அங்கே ஒரு காய்ச்சல் இருப்பதாகத் தகவல் வந்தது. சாயங்காலம் குளிர் எடுத்து, பல் கிட்டி, உடம்பு தூக்கிப் போடும். போர்வை போர்த்தினால் வியர்த்துக் கொட்டும். விடிந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து கூழ் குடிப்பார்கள். ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு மறுபடி வரும்.

குளிர், நடுக்கம், வியர்வை, முறை வைத்து வருகிறது. என் தலைக்குள் வாணவேடிக்கை. மலேரியா. ஒரு சுகாதார ஆய்வாளருக்கு வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் யோகம். குடியரசு தினத்தன்று மைதானத்தில் என் பேரை மைக்கில் வாசிப்பதுவரை போய்விட்டேன். அன்றைக்குப் போட வேண்டிய சட்டையைக்கூட மனதில் எடுத்துவைத்துவிட்டேன்.

பட்டறையில் எல்லாருக்கும் விரலில் குத்தி ரத்தத் தடவல் எடுத்தேன். அங்கேதான் மாதையனைப் பார்த்தேன். மணியின் தலையில் தொங்கவிடும் வளையத்தைப் பற்றவைக்கிற ஆள். முப்பது வயது. முன்பு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன்.

"வெரலக் குடு மாதையா."

"எந்த வெரலுங்க சார்? ஓட்டுப் போட்ட வெரலா, வேலை செய்யற வெரலா?"

குத்திய அடுத்த நொடி, வலியை மறைக்க, பழைய தொழிலை அவிழ்த்துவிட்டான். "நல்லம்பள்ளி தொப்பூர் தீவட்டிப்பட்டி ஓமலூர் சேலம், ஏறு ஏறு ஏறு, படில நிக்காத, உள்ள போ உள்ள போ." அத்தனையும் ஒரே மூச்சு. பட்டறையே சிரித்தது. அவன் மூச்சுக்கு நெஞ்சில் உலைத் துருத்தி ஒன்று தனியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ரத்தத்தில் மலேரியா இல்லை. நான் விடுவதாக இல்லை. மலேரியா இல்லாவிட்டால் வேறு ஏதாவது கொசுக் காய்ச்சலாக இருந்துதானே ஆக வேண்டும். குப்புசாமிக்கோ வேறு கணக்கு. காய்ச்சல் எப்போதும் அமாவாசையை ஒட்டியே வருகிறது, ஆகவே இது முனியப்பன் கோபம் என்றார். ஒரு சேவல் அறுத்தும் பார்த்திருந்தார். நான் சேவலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் வைத்தியத்தைத் தொடங்கினேன். மணியைக் குளிர வைக்கும் தொட்டித் தண்ணீரைக் கொட்டினேன். சாயங்காலம் ஆனதும் கொசு வராமல் ஜன்னல் எல்லாவற்றையும் சாத்த வேண்டும் என்று உத்தரவு போட்டேன். கடைசியாக, புகை மருந்து அடிக்கும் மெஷினைக் கொண்டுவந்து பட்டறைக்குள் ஆள் தெரியாத அளவுக்குப் புகை போட்டேன்.

அடுத்த அமாவாசை வந்தது. அதுவரை காய்ச்சல் காணாதவர்களுக்கும் காய்ச்சல்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார்" என்றார் குப்புசாமி. "நீங்க வந்ததுக்கப்பறம் காச்சலுக்கே ஒரு சுறுசுறுப்பு வந்துருக்குதுங்க. சேவல் அறுத்தப்பக்கூட இப்படி இல்ல."

 அடுத்த மாதம் முன்கூட்டியே போய்க் கொசுவைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று அமாவாசை அன்று காலையில் போய் நின்றேன். பட்டறை பூட்டியிருந்தது. பின்னால் வரிசை வீடுகளில் ஒன்றில்தான் மாதையன் குடியிருந்தான். அவன் மனைவி செல்வி வாசலில் ராகி காயவைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு அமாவாசங்க சார், உலைக்கு லீவு. நாளைக்கும் லீவுதாங்க, அமாவாசைக்கு மறுநாள் பாட்டிமை, அதுல எதையும் தொடங்க மாட்டாங்க. நாளான்னிக்குத்தான் உலை பத்த வெப்பாங்க."

"காச்சல் என்னிக்கு வரும்?"

"அன்னிக்கு சாயங்காலந்தாங்க."

லீவு. அந்தச் சொல் காதில் விழுந்ததும் மொபெட்டில் ஏறப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். லீவைப் பற்றி என்னைவிட ஆராய்ச்சி செய்தவன் இந்த மாவட்ட சுகாதாரத் துறையில் கிடையாது. என் அரிப்பு லீவில் போனது. இவர்கள் காய்ச்சல் லீவு முடிந்து வருகிறது. இதில் முனியப்பன் எங்கே வந்தார், கொசு எங்கே வந்தது? கொசுவுக்கு ஏது பாட்டிமை?

சுகாதார நிலையத்துக்கு மொபெட்டை நான் ஓட்டவில்லை, அது என்னைத் தூக்கிக்கொண்டு பறந்தது. மருத்துவர் முன்னால் போய் மூச்சு வாங்கக் கொட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"பித்தளைல என்ன இருக்கு?"

"செம்பு, துத்தநாகம்."

"துத்தநாகப் புகை சார். அதான்."

உருக்கும்போது வெள்ளையாய்ப் பஞ்சுபோல் பறக்குமே, அது. அதை மூச்சில் இழுத்தால் சில மணி நேரத்தில் காய்ச்சல். தினமும் இழுத்தால் உடம்பு பழகிக்கொண்டு சும்மா இருக்கும். இரண்டு நாள் லீவு விட்டால் உடம்பு பழக்கத்தை மறந்துவிடும். மூன்றாம் நாள் புகையைப் பார்த்ததும் புது ஆளைப் பார்த்ததுபோல் பதறும். லீவு முடிந்து திங்கட்கிழமை அலுவலக வாசலைப் பார்த்ததும் எனக்கு வருமே, ஏறக்குறைய அதே காய்ச்சல்தான்.

இப்போது என் பெருமையைக் கணக்குப் பாருங்கள். புகையால் வந்த காய்ச்சலுக்கு நான் ஜன்னலைச் சாத்தச் சொல்லி, மேலும் புகை போட்டிருக்கிறேன்.

மறுநாள் லீவென்றாலும் பட்டறையைத் திறக்கச் சொல்லிக் கூட்டம் போட்டேன். ஜன்னலைத் திறந்து வைப்பது, உலைக்கு மேலே புகைபோக்கி வைப்பது எல்லாம் சொன்னேன். அது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆகாத உலோகம் உடம்பை என்ன செய்யும் என்பதற்கு உதாரணமாக என் பெல்ட்டைக் கழற்றிக் காட்டி, தொப்புள் கதையையும் சொன்னேன். மாதையன் அதை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்து காட்டினான். சிங்கம் ஒரு சுற்றுப் போய்வந்தது. எல்லாம் நல்லபடியாகவே நடந்தது, நான் கடைசியாகச் சொன்ன ஒரு வாக்கியத்தைத் தவிர.

"பயப்படாதீங்க. இந்தக் காச்சல் விடிஞ்சாப் போயிடும்."

தம்பிகளே, தங்கைகளே, நமக்கு ஒன்றுமே தெரியாதபோது நாம் அவ்வளவு ஆபத்தானவர்கள் அல்ல. ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட பிறகுதான் நம்மைப் பார்த்து ஊர் பயப்பட வேண்டும்.

சில மாதங்கள் போயின. காய்ச்சல் மிகவும் குறைந்துவிட்டது. நான் போகிற இடமெல்லாம் அமாவாசைக் காய்ச்சலின் கதையைச் சொல்லி டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை அந்தச் சாலை வழியே தொட்டிகளுக்கு மருந்து ஊற்றப் போனவன், குப்புசாமியைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன்.

"மாதையன் வேலைக்கு வரலீங்க. நேத்து சாயங்காலம் காச்சல். நீங்க சொன்ன அதே காச்சல்தான், வெல்லம் குடுத்துப் படுக்கச் சொல்லிட்டேன்" என்றார். புகைக் காய்ச்சலுக்கு வெல்லம் தின்றால் இறங்கும் என்பது பட்டறை நம்பிக்கை. "விடிஞ்சாப் போயிடும்னு நீங்கதான சார் சொன்னீங்க."

"போயிடும், போயிடும்" என்று நானும் சொன்னேன். சொல்லிவிட்டு, ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பின்னால் போனேன். அந்த ஒரு எட்டு எடுத்து வைத்ததற்கு நான் எந்தப் பாராட்டும் கேட்க மாட்டேன். செல்வியின் டீ நன்றாக இருக்கும்.

மாதையன் கட்டிலில் படுத்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"காச்சல்... விட்டுருச்சு சார்."

நெற்றியில் கை வைத்தேன். சூடு அதிகம் இல்லை. சரி என்று கையை எடுத்தபோது என் கையிலிருந்து தைல வாசனை அடித்தது. காலையில் மனைவியின் காலுக்குத் தேய்த்த தைலம். ஏன் தேய்த்தேன்? முந்தின இரவு திருவண்ணாமலையில் கிரிவலம் சுற்றிவிட்டு விடியற்காலையில் வந்து, கால் கழன்று போகிறது என்று உட்கார்ந்துவிட்டார். கிரிவலம் என்றால் பௌர்ணமி.

பௌர்ணமி. அமாவாசை போய் அரை மாதம் ஆகிறது. உலை தினமும் எரிகிறது. மாதையன் உடம்பு புகைக்கு நன்றாகப் பழகியிருக்க வேண்டிய நேரம். என் கணக்குப்படி அவனுக்குக் காய்ச்சலே வரக்கூடாது.

"நடுவுல லீவு போட்டியா?"

அவன் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். மாதையன் வாயால் சொல்லாமல் தலையால் சொல்லி நான் பார்த்ததே இல்லை. செல்வி கதவோரம் நின்று மெல்லச் சொன்னார்.

"எப்பவும் பேச ஆரம்பிச்சா முடிக்க மாட்டாருங்க சார். இன்னிக்கு ஆரம்பிக்கவே மாட்டேங்கறாரு. படுத்தா மூச்சு முட்டுதாம், ராத்திரி பூரா உக்காந்தே இருந்தாரு."

 நான் டாக்டர் இல்லை. ஸ்டெதஸ்கோப் இல்லை. என்னிடம் இருந்தது அவனைப் பற்றிய ஒரு ஞாபகம்தான்.

"மாதையா, சேலத்துக்கு ஒரு டிக்கெட். எங்க, ஏத்து பார்ப்போம்."

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தான். "நல்லம்பள்ளி..." என்றான். மூச்சை இழுத்தான். "தொப்..." இருமல் வந்தது. பஸ் தொப்பூரைத் தாண்டவில்லை.

மருத்துவருக்குப் போன் போட்டேன். தருமபுரியில் கலெக்டர் ஆபீசில் கூட்டத்தில் இருந்தார், வெளியே வந்து பேசினார். சொன்னேன்.

"நடுவுல லீவே இல்லையா?"

"இல்லீங்க மேடம்."

"அப்ப இது அது இல்ல சார். புதுசா என்ன எரிச்சாங்க?"

குப்புசாமியைப் பிடித்தேன். முதலில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு, ஆமாம், வளையம் பற்றவைக்கிற கம்பி மட்டும் புதுசு என்றார். சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் தொழிலை விட்டுப் போகும்போது கொடுத்த கம்பிக் கட்டு. "கே.டி.எம். போட்டதுங்க சார், சும்மா தண்ணி மாதிரி ஓடுது. நேத்துத்தான் மொதமொதல்ல பத்த வெச்சான். காத்துல நெருப்பு ஆடுதுன்னு அந்தச் சின்ன ரூம்ல ஜன்னலச் சாத்திட்டு."

போனில் அப்படியே ஒப்பித்தேன். 

"கே.டி.எம்.னா காட்மியம். காய்ச்சல் விட்டாலும் நுரையீரல்ல தண்ணி கோக்கும். வெயிட் பண்ணாதீங்க சார், ஏத்துங்க. நான் பெரியாஸ்பத்திரிக்கு வந்துடறேன்."

நூற்றியெட்டுக்குப் போட்டால், பக்கத்து வண்டி தொப்பூர்க் கணவாயில் ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். இங்கேயோ மாதையன் வரமாட்டேன் என்கிறான். காய்ச்சல் விட்டதற்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்பது அவன் வாதம். குப்புசாமியும் அதையே சொன்னார். "நீங்கதான சார் விடிஞ்சாப் போயிடும்னீங்க. இப்ப விடிஞ்சுது, போயிடுச்சு. இப்பவும் பயமுறுத்தறீங்க."

நான் முன்பு சொன்ன வாக்கியமே எனக்கு எதிரே கைகட்டி நிற்கிறது. என்னோடு நானே வாதாட வேண்டிய நிலைமை. இப்போது நான் சொல்வது தவறாக இருந்து, கம்பியில் ஒன்றும் இல்லை என்றால், ஊர் சிரிக்கும். ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது, கூடக் கொஞ்சம் சிரித்தால் என்ன போயிற்று? சிரிப்புக்குப் பழகிய ஆளாக இருப்பதில் இந்த ஒரு வசதி உண்டு. அவசரத்தில் முடிவெடுக்கும்போது மானம் குறுக்கே வந்து நிற்காது.

"செல்வி, நான் சொன்னது தப்பு" என்றேன். "அது வேற காச்சல், இது வேற. இத நான் அப்ப சொல்லல, ஏன்னா எனக்குத் தெரியாது."

செல்வி என் முகத்தைப் பார்த்தார்.  புருஷனின் சட்டையை எடுத்து அவன் தோளில் போட்டு, "எந்திரிங்க" என்றார். மாதையன் எழுந்தான்.

மணி ஏற்றிப் போகும் குட்டியானை வண்டி நின்றிருந்தது. பின்னால் சாக்கு விரித்து, அவனைப் படுக்க வைக்காமல் செல்வி மேல் சாய்த்து உட்காரவைத்தோம். கம்பிக் கட்டிலிருந்து ஒரு கம்பியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நானும் ஏறினேன். வண்டியில் பாதி அளவுக்குக் கோயில் மணிகள் இறக்காமல் கிடந்தன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அத்தனை மணியும் ஒன்றாக அடிக்கும். தருமபுரி வரைக்கும் நாங்கள் போன சத்தத்துக்கு ஆம்புலன்ஸ் சைரனெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன. சாலையோரத்தில் ஒரு அம்மா எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். தேர் என்று நினைத்திருக்க வேண்டும்.

மாதையனின் உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது. நான் சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியில் சிரிப்பு இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் மருத்துவர் நின்றிருந்தார். உள்ளே அவசரப் பிரிவில் எல்லாம் சொல்லி வைத்திருந்தார். நான் பையிலிருந்து கம்பியை எடுத்துக் கொடுத்தேன். ஆக்சிஜன், எக்ஸ்ரே என்று ஓடியது. எக்ஸ்ரேயில் நெஞ்சு முழுக்க மூடுபனி மாதிரி வெள்ளை. அன்று சாயங்காலத்திலிருந்து இன்னும் மோசமானான். அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் மருத்துவரைக் கேட்டேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். போதும்.

மெல்ல மெல்ல மாதையன் கரையேறினான். இப்போதும் மாடிப்படி ஏறினால் நடுவில் ஒருமுறை நிற்பான். ஆனால் இருக்கிறான், மணி செய்கிறான். குப்புசாமி அந்தச் சின்ன அறையின் ஜன்னல் கதவுகளையே கழற்றி விறகாக்கிவிட்டார். பற்றவைக்கும் கம்பியும் இப்போது வேறு, காட்மியம் இல்லாதது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். நோய் உங்கள் கணக்குக்குச் சரியாக வரும்போது அதிகம் மகிழாதீர்கள். கணக்குக்குத் தப்பி வருகிற நாளில் ஓடுங்கள். அமாவாசைக் காய்ச்சலைக் கண்டுபிடித்ததற்கு எனக்குக் கிடைத்த உண்மையான பலன், பௌர்ணமிக் காய்ச்சல் அது இல்லை என்று தெரிந்ததுதான்.

மீதிக் கம்பிக் கட்டை நான் எப்படிக் கைப்பற்றினேன் என்பதையும் சொல்லி முடிக்கிறேன். அதற்கு நான் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

மாதையன் வீடு திரும்பிய பிறகு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். செல்வி டீ போட்டார். பேசிக்கொண்டே காலை நீட்டியபோது கட்டிலுக்கு அடியில் எதுவோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தால், சாக்கில் சுற்றிய அதே கம்பிக் கட்டு.

"என்ன மாதையா இது?"

"இருக்கட்டும் சார்" என்றான். நிறுத்தி நிறுத்தித்தான் பேசினான். "தண்ணி மாதிரி... ஓடுது. வேற கம்பில வளையம்... நிக்க மாட்டேங்குது. ஜன்னலத் தொறந்து வெச்சுட்டு... பத்த வெச்சா போச்சு."

"நானும் சொல்லிட்டேங்க சார், கேக்க மாட்டேங்கறாரு" என்றார் செல்வி. அவர் கண் கலங்கியிருந்தது.

எனக்கு வந்ததே ஒரு ஆவேசம். வாழ்க்கையில் அப்படி ஒரு சொற்பொழிவு நான் ஆற்றியதில்லை. திறந்த ஜன்னல் அந்தப் புகைக்குப் போதாது என்றேன். அது சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொண்டு ஆயுசுக்கும் இறங்காது என்றேன். செல்வி முகத்தைப் பார் என்றேன். "உடம்புக்கு ஆகாதுன்னு தெரிஞ்சதுக்கப்பறமும், பளபளன்னு இருக்கு, பழகிப்போச்சுன்னு ஒருத்தன் ஒரு உலோகத்த விடாமப் பக்கத்துலயே வெச்சிருந்தான்னா, அவன விட முட்டாள் இந்த மாவட்டத்துல உண்டா?" என்று கேட்டேன்.

மாதையன் என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். செல்வியும் பார்த்தார், சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நகப்பூச்சு உரிந்து எத்தனையோ மாதமாகிறது. பேச்சு முழுவதும் என் இடது கை சட்டைக்குள்தான் இருந்திருக்கிறது.

மாதையன் நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கும் நிறுத்தாமல், ஒரே மூச்சில் சொன்னான்.

"மொதல்ல அந்தச் சிங்கத்தக் கழட்டி இங்க வைங்க சார்."